பாதி வலி

அம்மாவின் புற்றுநோய் வலி எனக்கு எப்போதும் இடது முழங்காலில்தான் வந்தது. மாடிப்படி ஏறும்போது சுருக்கென்று ஒரு குத்து, உட்கார்ந்து எழுந்தால் ஓர் இறுக்கம், அவ்வளவுதான். பத்துக்கு மூன்று என்று மனதுக்குள் மதிப்பெண் போட்டு வைத்திருந்தேன்.

எனக்கு வேலையே அளவுமானிகளோடுதான். திருப்பூரின் சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்கிற நிலையமொன்றில் பொறியாளராக இருக்கிறேன். தொட்டியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்து நிற்கும், மானி வேறு கதை சொல்லும். கண்ணை நம்பாதே, மானியை நம்பு என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். ஆகவே அம்மாவின் முகத்தை நான் நம்பவில்லை. என் மணிக்கட்டில் இருந்த பட்டையைத்தான் நம்பினேன்.

அம்மாவின் முகத்தை நம்பாததற்குக் காரணம் உண்டு. அவள் பெயர் துளசிமணி. பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் ஆயுசு முழுக்க வேலை பார்த்தவள். மேசை மேல் மலையாகக் கொட்டிய பனியன்களில் ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் அவள் விரல் அங்கே போய் நிற்கும். அப்பேர்ப்பட்டவள் தன் உடம்பு விஷயத்தில் மட்டும் எல்லாவற்றையும் பாஸ் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தாள். டாக்டர் அறைக்குள் தனியாகத்தான் போவாள். "நீ வெளிய இரு அம்மிணி, உள்ள ஏசி ஆகாது உனக்கு" என்பாள். வெளியே வரும்போது முந்தானையைச் சரி செய்துகொண்டே, "நல்லா இருக்குதாம்" என்பாள். மார்பில் ஆரம்பித்தது முதுகெலும்புக்குப் பரவிவிட்டது என்பதை நான் தெரிந்துகொண்டதே, அவளுக்குத் தெரியாமல் டாக்டரை மறித்துக் கேட்டுத்தான்.

அதற்கப்புறம்தான் புது மருந்து வந்தது, பட்டையும் வந்தது.

டாக்டர் மெய்யம்மை எல்லாவற்றையும் நிதானமாக விளக்கினார். "இந்த மருந்து நரம்பு வழியாத்தான் கட்டியைத் தேடிக்கிட்டுப் போகுதுங்க. அதுக்கு நரம்பு முழிச்சிருக்கணும். பலமான வலி மருந்து எதுவும் கொடுக்க முடியாது. கொடுத்தா நரம்பு தூங்கிடும், மருந்து பாதி வழியில நின்னுடும்."

"அப்ப வலிக்குமேங்க டாக்டர்."

"வலிக்கும். அதுக்குத்தான் பட்டை. அம்மா பிடரியில ஒரு பொட்டு ஒட்டிடுவோம். வீட்டுல யாராவது ஒருத்தர் கையில பட்டை கட்டிக்கணும். அவங்களுக்கு வர்றதுல பாதி இவங்களுக்கு வந்துடும். வலி மட்டும்தான் வரும், நோய் வராது. எவ்வளவு தூரத்துல இருந்தாலும் வேலை செய்யும்."

"நான் கட்டிக்கறேனுங்க" என்றேன். யோசிக்கவேயில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு என்மேல் பெருமையாகக்கூட இருந்தது.

"இன்னொன்னும் சொல்லிடறேன்" என்றார் டாக்டர். "மூணு மாசத்துக்கு ஒருதரம் கேப்போம், தொடரலாமா, நிறுத்தலாமான்னு. நிறுத்திட்டா வலி மருந்து கொடுத்து நிம்மதியா வெச்சுக்குவோம், ஆனா இருக்கற நாள் கம்மி. அந்த முடிவை அம்மா சொல்ல முடியாது. வலியில இருக்கறவங்க சொல்றது சட்டப்படி செல்லாது. பங்கெடுக்கறவங்களும் சொல்ல முடியாது."

"அதேனுங்க?"

"ஆரம்பத்துல சொல்லலாம்னுதான் இருந்துச்சு. பட்டை கட்டுன வாரமே பிள்ளைங்க வந்து நிறுத்துங்கன்னு நின்னாங்க. பெத்தவங்க வலியை நிறுத்தச் சொல்றாங்களா, தங்களோடதையான்னு யாருக்கும் பிரிச்சுப் பாக்கத் தெரியல. கோர்ட்டு வரைக்கும் போச்சு. இப்ப ஒரு நிமிஷம்கூட அவங்க பங்கை எடுக்காத ரத்த சொந்தம் ஒருத்தர் இருக்கணும். அவர் சொன்னாத்தான் செல்லும்."

"தம்பி இருக்கான். நியூசிலாந்துல" என்றேன். நியாயமான சட்டமாகத்தான் எனக்குப் பட்டது. வலிக்கிறவர்களிடம் கேட்டால் நிறுத்து என்றுதான் சொல்வார்கள், அது ஒரு முடிவா என்று நினைத்தேன்.

ஊரில் பட்டை ஒரு மரியாதையாகவே ஆகிவிட்டிருந்தது. முன்பெல்லாம் நோயாளியைப் பார்க்க வருகிற ஒறம்பரைச் சொந்தங்கள் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, தெரிந்தவர்கள் யார் யார் இதே சீக்கில் போனார்கள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். இப்போது அதோடு கூட, "குடு அம்மிணி, நானும் அஞ்சு நிமிஷம் வாங்கிக்கறேன்" என்று பட்டையைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். கட்டாமல் போனால் பேச்சாகிவிடும். என் நாகமணி அத்தை கட்டிக்கொண்டு போட்டோ எடுத்து, எங்கள் குலத்தார் வாட்ஸ்அப் குழு முழுக்கச் சுற்றவிட்டாள். அப்புறம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இத்தனைதானா? எனக்கு மழைக்காலத்துல வர்ற மூட்டுவலி இதைவிட ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குக் கோபம் வந்தாலும் உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. வருகிறவர்கள் எல்லோருமே அதைத்தான் சொன்னார்கள். முதுகெலும்பு வலி நரம்பு வழியாகக் காலில் இறங்குகிறது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். என் மானி சரியாகத்தான் இருக்கிறது.

தம்பி பிரணவ் வாரம் ஒருமுறை கூப்பிடுவான். "எப்படிக்கா இருக்கு அம்மாவுக்கு?"

"பத்துக்கு மூணுடா. நான்தான் தினமும் பாக்கறனே. தாராளமாத் தாங்கறாங்க. டாக்டர் கேட்டா தொடரட்டும்னு சொல்லு."

"சரிக்கா" என்பான். முதல் மூன்று மாதம் முடிந்தபோதும் அப்படித்தான் சொன்னான், அடுத்த முறையும் அப்படியே. கேட்கிற அறைக்குள்ளேயே நான் போகவில்லை. நான் பங்கெடுக்கிறவள், தம்பியிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று வெளியே உட்கார்ந்துகொண்டேன். அவர்களும் வேறெதுவும் கேட்கவில்லை. அம்மா இன்னும் பல காலம் இருப்பாள் என்று எனக்குத் திடமாகத் தோன்ற ஆரம்பித்திருந்தது. விவாகரத்து ஆகி நான் திரும்பி வந்தபோது ஒரு வார்த்தை கேட்காமல் என் துணிகளை மடித்து அலமாரியில் வைத்தவள் அவள். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, உண்மை அதுதான்.

இரண்டு வீடு தள்ளி ஜரீனாம்மா இருந்தாள். அம்மாவும் அவளும் ஒரே கம்பெனியில் ஒரே மேசையில் வேலை பார்த்தவர்கள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல், பள்ளிக்கூட விழா என்று எது வந்தாலும் ஷிஃப்டை மாற்றிக்கொள்வார்கள். சூப்பர்வைசரிடம் சொல்வதெல்லாம் கிடையாது. இவள் இடத்தில் அவள், அவள் இடத்தில் இவள். கடைசி வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் பெருமை. ஜரீனாம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை, கணவரும் காலமாகிவிட்டார். இந்த வருஷம் அவள் இடது முழங்காலுக்கு அறுவை சிகிச்சை செய்து வேறு மூட்டு வைத்தார்கள். சிறுநீரகம் பழுது என்பதால் வலி மாத்திரை ஆகாது என்று அவளுக்கும் பிடரியில் பொட்டு ஒட்டியிருந்தார்கள். பங்கெடுக்கத்தான் ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் தினமும் வந்துகொண்டிருந்தவள், அம்மா ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பித்த பிறகு புதன்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டாள். புதன் என்றால் ஊசி நாள். ஊசி போட்ட அன்று சாயங்காலப் பொழுதோடுதான் வலி உச்சத்துக்குப் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்குத் துணைக்கு இருக்க வேண்டிய சிநேகிதி அன்றைக்கென்று பார்த்து வராமல் இருந்தது எனக்குச் சுருக்கென்றது. ஒரு வியாழக்கிழமை கேட்டேவிட்டேன்.

"என்னங் ஜரீனாம்மா, புதங்கெழமையானா கதவைச் சாத்திக்கறீங்க? அம்மா மூஞ்சியைப் பாக்கப் பயமா?"

அவள் மெலிந்துபோயிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சர்க்கரை ஏறியிருக்கும் என்று நினைத்தேன். "ஆமா கண்ணு, பயந்தான்" என்று சிரித்தாள். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கண்டிப்பு இருந்தது.

அடுத்த புதன்கிழமை அது நடந்தது.

பொழுது இறங்குகிற நேரம். நான் தரையில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தேன். அம்மா நாற்காலியில் சாய்ந்து இரண்டு காலையும் முக்காலிமேல் நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் வேர்த்திருந்தது. ஃபேனைக் கூட்டட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அப்போது என் இடது முழங்காலை யாரோ சம்மட்டியால் அடித்த மாதிரி இருந்தது. அரிவாள்மனை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் சாய்ந்தேன். மூச்சு வரவில்லை. பத்துக்கு எட்டு, ஒன்பது. புரண்டு அம்மாவைப் பார்த்தேன். முக்காலிமேல் அவள் கால் அப்படியே இருந்தது. அசையக்கூட இல்லை.

"அம்மா, காலுக்கு என்னாச்சு?"

"எந்தக் காலுக்கு?" என்றாள்.

சட்டென்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என் கை எந்தக் காலைப் பிடித்திருக்கிறது என்று பார்த்தாள். அவள் முகம் மாறியது. "ஜரீனா" என்றாள். நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழப் பார்த்தாள். முடியாமல் உட்கார்ந்தாள். "ஓடு அம்மிணி. ஜரீனா உழுந்துட்டா."

பட்டையைக் கழற்றி எறிந்தேன். முழங்கால் வலி விளக்கை அணைத்தாற்போல் நின்றது. ஓடும்போதே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. புரிந்தது பிடிக்கவில்லை.

ஜரீனாம்மா சமையலறை வாசலில் கிடந்தாள். ஆபரேஷன் செய்த கால் கோணலாக மடங்கியிருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுத் தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். அவளுக்கு நினைவு இருந்தது. இடது கையால் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள். விரலை விலக்கிப் பார்த்தால் நீளமான ரவிக்கைக் கைக்கு அடியில் ஒரு பட்டை.

"இது யாருது?"

"கழட்டாத கண்ணு. மயக்கம் வந்துருச்சு, அதான் உழுந்துட்டேன். செரியாப் போயிரும். கழட்டுனா அவளுக்கு முழுசாப் போயிரும்."

"நான் இத்தனை நாளாக் கட்டியிருந்தது?"

"எம் முழங்காலு" என்றாள்.

யார் வேண்டுமானாலும் யார் பங்கையும் எடுக்கலாம், அதற்குத் தடையில்லை. பட்டை கொடுக்கிற மையத்தில் முதல் நாளே அம்மாவும் அவளும் சேர்ந்து போய் எழுதி வாங்கியிருக்கிறார்கள். மகள் சிநேகிதியின் காலுக்கு, சிநேகிதி அம்மாவின் முதுகெலும்புக்கு. ஷிஃப்டை மாற்றிக்கொண்டார்கள். இந்த முறை சூப்பர்வைசர் நான்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அழுகை வந்தது. இத்தனை மாதம் ஒரு முழங்காலை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் பத்துக்கு மூன்று என்று சொல்லிக்கொண்டிருந்த என்னை நினைத்து வெட்கம் வந்தது. அவள் மணிக்கட்டிலிருந்து பட்டையை உருவினேன். தடுக்கப் பார்த்தாள். "போடாத. உங்கம்மா மேல ஆணை, போடாத கண்ணு." வழக்கமாக எல்லோரும் என்னிடமிருந்து எதையாவது மறைக்கிற அதே குரல். நான் போட்டுக்கொண்டேன்.

அதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மதிப்பெண் போடவும் தோன்றவில்லை. முதுகுத்தண்டுக்குள் யாரோ கொதிக்கிற எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுகிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் நடுவில் அடுத்த சொட்டுக்காகக் காத்திருக்கிற நேரம் இன்னும் கொடுமையாக இருந்தது. ஜரீனாம்மாவின் தலை என் மடியிலிருந்து நழுவித் தரையில் இடித்ததுகூட எனக்குத் தெரியவில்லை. இது பாதி. மீதிப் பாதியோடு என் அம்மா கொஞ்ச நேரத்துக்கு முன்னால், அவரைக்காய் முற்றலா, இளசா என்று என்னிடம் கேட்டிருந்தாள்.

சுவரைப் பிடித்துப் பிடித்து அம்மா வந்து சேர்ந்தாள். இரண்டு வீட்டுத் தூரத்துக்கு அவ்வளவு நேரம் ஆகியிருந்தது. வாசலில் நின்று முதலில் ஜரீனாம்மாவைப் பார்த்தாள், அப்புறம் என் கையை.

"போட்டுட்டியா" என்றாள்.

அவள் குரலில் அப்படி ஓர் ஏமாற்றத்தை நான் கேட்டதில்லை. என் கல்யாணம் முறிந்தபோதுகூட.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

அவள் ஜரீனாம்மாவின் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நிறுத்தறதுக்குச் சம்மதம் சொல்ல ஒருத்தரு வேணும்ல. பங்கெடுக்காத ஒருத்தரு. அது நீயா இருக்கோணும்னு நெனச்சேன்."

"பிரணவ்தான் இருக்கானே."

"அவன் தூரத்துல இருக்கறவன் சாமி. தூரத்துல இருக்கறவனுக்கு விட மனசு வராது. நீ பக்கத்துல இருந்து பாக்கறவ. என்னைக்காவது ஒரு நாளு நீயே எம் மூஞ்சியைப் பாத்து, போதும்மா, நிறுத்திக்கலாம்னு சொல்லுவீன்னு காத்துட்டிருந்தேன். சொன்னீன்னா, நீ இன்னும் எம் பங்கைத் தொடல, உஞ்சொல்லு செல்லும்னு எடுத்துக் காட்டலாம்னு இருந்தேன்."

"எப்படிம்மா சொல்லுவேன்? எனக்குத்தான் ஒண்ணுமே தெரியலயே. நீ தெரிய விட்டியா?"

ஜரீனாம்மா கண்ணை மூடியபடி, "நானும் அதையேதான் இவகிட்டச் சொன்னேன் கண்ணு" என்றாள். "புள்ளைக்குத் தெரியாமயும் இருக்கோணும், புள்ளைக்குப் புரியவும் வேணும்னா எப்படி துளசின்னு கேட்டேன்."

ஆம்புலன்ஸ் வந்து ஜரீனாம்மாவைக் கொண்டுபோனது. வைத்த மூட்டு விலகிவிட்டது என்றும் மறுபடி அறுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். நான் பட்டையோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா கழற்றச் சொல்லவில்லை. கழற்றி இனி ஆகப்போவது ஒன்றுமில்லை.

இனி இருப்பது தம்பி ஒருவன்தான். அடுத்த மூன்று மாதக் கேள்வி வருகிற திங்கட்கிழமை இருந்தது. மறுநாள் வியாழன் காலையிலேயே அவனைக் கூப்பிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்று விடாமல் சொன்னேன். வலி ஏறியபோது இரண்டு முறை சுவரில் சாய்ந்துகொண்டேன். அவன் அழுதான். நல்ல பையன்தான், எப்போதுமே.

"அக்கா, நீ சொல்றதை நம்பறேன். ஆனா போன வாரம் மூணுன்னு சொன்னே. இன்னைக்கு நிறுத்துன்னு சொல்றே. நாளைக்கு நான் சொல்லி நிறுத்திட்டு, ஆயுசுக்கும் தப்புப் பண்ணிட்டமோன்னு இருக்கக் கூடாதுக்கா. நான் வேணா ஒரு நிமிஷம் பட்டை கட்டிப் பாக்கட்டுமா?"

"கட்டாதே. கட்டுனா எல்லாமே போச்சு."

"அப்ப நான் எதை வெச்சு முடிவு பண்றது?"

கிட்டத்தட்ட அதே கேள்வியை நேற்று நான் அம்மாவிடம் கேட்டிருந்தேன். "அம்மா உங்கிட்டச் சொல்லுவாங்க" என்றேன். "திங்கக்கெழமை வீடியோவுல டாக்டர் முன்னாடி நீ அம்மாவைக் கேளு. அவங்க சொல்றதைச் சட்டம் எடுத்துக்காது. நீ எடுத்துக்கலாம்ல. மூஞ்சியைப் பாத்தீன்னா தெரியும்."

"சரிக்கா. அம்மா வாயால கேட்டாப் போதும் எனக்கு. அவங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் நிறுத்துங்கன்னு சொல்லிடறேன். யாரு என்ன வேணா பேசிக்கட்டும்."

எனக்கு உயிர் வந்தது. அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். "சொல்றேன். உள்ளதை உள்ளபடி சொல்லிப்போடறேன்."

"எங்கிட்டச் சொல்லிக் காட்டு."

"என்னன்னு?"

"வலிக்குதாம்மான்னு அவன் கேப்பான்."

"வலிக்குது சாமி, என்னால முடியலைன்னு சொல்றேன்" என்றாள். என்னைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துச் சொன்னாள். ஆனால் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வரை தினமும் ஒருதரம் சொல்ல வைத்தேன். பள்ளிக்கூடப் பிள்ளையை ஒப்பிக்க வைக்கிற மாதிரி இருந்தது. இரண்டு பேருக்கும் சிரிப்புக்கூட வந்தது.

திங்கட்கிழமை, மையத்தில் ஒரு சின்ன அறை. மேசைமேல் திரை. அம்மாவைத் திரைக்கு எதிரே உட்கார வைத்தார்கள். பங்கெடுக்கிறவர்கள் அறைக்குள் இருக்கலாம், திரையில் தெரியக் கூடாது, ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் அன்றைய கேள்வி ரத்து, அடுத்த மூன்று மாதம் ஊசி தொடரும். டாக்டர் மெய்யம்மை இதை இரண்டு முறை என்னிடம் சொன்னார். தப்பாக எண்ண வேண்டாம், எல்லோரிடமும் சொல்வதுதான் என்றார். சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முந்தானை நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். வலி என் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது.

திரையில் பிரணவ் வந்தான். கண் வீங்கியிருந்தது, முகத்தில் சவரம் இல்லை.

டாக்டர் முதலில் அவனுக்கு நிலைமையைச் சொன்னார். "மருந்து ரொம்ப நல்லா வேலை செய்யுதுங்க. கட்டி எதுவும் வளரல. இப்படியே போனா இன்னும் ரெண்டு வருஷம்கூடத் தாராளமா இருப்பாங்க. தொடரலாமா நிறுத்தலாமான்னு நீங்க சொல்லணும். அதுக்கு முன்னாடி அம்மாகிட்ட ஏதாவது கேக்கணும்னா கேக்கலாம்."

இரண்டு வருஷம். என் அம்மா இன்னும் இரண்டு வருஷம் இருப்பாள் என்று ஒருவர் சொல்லி, அதைக் கேட்டு நான் பயப்படுவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் அவரை அடித்திருப்பேன்.

பிரணவ் திரைக்குக் கிட்டத்தில் வந்தான். "அம்மா" என்றான்.

அம்மா நிமிர்ந்தாள். சாய்ந்து கிடந்த முதுகு நேரானது. அவள் நிமிர்ந்ததும் என் தண்டுவடத்தில் தீப்பிடித்தது. முந்தானைத் துணி பல்லுக்கிடையில் கிழிகிற சத்தம் எனக்கே கேட்டது. அம்மா கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். அவள் முகம் மலர்ந்தது. ஊரிலிருந்து பிள்ளை வந்தால் கதவைத் திறக்கிறபோது மலருமே, அந்த முகம்.

"என்ன சாமி இப்படி எளைச்சுட்டே? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா. அம்மா... ரொம்ப வலிக்குதாம்மா?"

சொல் என்று நான் மனதுக்குள் கத்தினேன். நாலு நாள் ஒப்பித்ததுதானே, சொல். அம்மா வாயைத் திறந்தாள். அவன் கண்ணில் தண்ணீர் நிறைந்து நின்றது. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அட, இல்ல சாமி. கொஞ்சம் அசதி, அவ்வளவுதான். அக்கா சும்மா பயந்துக்கறா. நீ வெசனப்படாத."

பிரணவ் நெடுமூச்சு விட்டான். தோள் இறங்கியது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்து அவனும் சிரித்தான். எத்தனை நாளாக அந்தச் சிரிப்பு அவனுக்கு வராமல் இருந்ததோ.

"தொடரட்டுங்க டாக்டர்" என்றான்.

டாக்டர் அவனை மறுபடி ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார். அம்மா திரையைப் பார்த்துக் கையசைத்தாள், வேளைக்குச் சாப்பிடு என்றாள். திரை அணைந்தது. அவள் கை இன்னும் மேலேயே இருந்தது. அப்புறம்தான் மெதுவாகத் திரும்பி என்னைத் தேடினாள்.

"அழப் பாத்தான் அம்மிணி" என்றாள். "என்னால முடியல."

நர்ஸ் உள்ளே வந்து, புதன்கிழமை ஊசிக்குக் காலையிலேயே வந்துவிடச் சொன்னாள்.